எச்.265 காட்சிகளைத் தொகுக்கும்போது கணினி திணறினால் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கேமராவில் எடுத்த 10 பிட் (நிறங்களை நுணுக்கமாகப் பதியும்) எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) காட்சிகளை, தொகுப்பு மென்பொருளில் துண்டுகளை அடுக்கும் டைம்லைனில் இட்டதும் கணினி திணறுகிறது, புதிய கார்டு வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபம் என்ற ஊரில் இருந்துகொண்டு கீழக்கரை முதல் இராமேசுவரம் வரை திருமண வீடியோ எடுத்துத் தொகுப்பவன் நான். பணம் கட்டுவதற்கு முன், உங்கள் கோப்பு 4:2:0 வகையா, நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் 4:2:2 வகையா என்று மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள்.

எச்.265 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, மற்றவற்றில் மாற்றங்களை மட்டுமே குறித்துக்கொள்வதால், நீங்கள் ஓரிடத்தில் கர்சரை வைத்ததும் கணினி முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே அங்கு வரவேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கென்று சில்லுக்குள் தனிப் பகுதி உண்டு. கார்டு எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், அந்தப் பகுதிக்குத் தெரியாத வகைக் கோப்பு வந்தால் சுமை முழுவதும் பிராசசர் தலையில்தான் விழும். இது தெரியாமல் கடைக்காரர் பேச்சை நம்பிப் பெருந்தொகைக்குக் கார்டு வாங்கி மாட்டிய அன்றும் என் டைம்லைன் முன்போலவே நின்று நின்றுதான் ஓடியது.

என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை 4:2:2 கோப்புகளை அந்தப் பகுதி ஏற்பதில்லை. 2025இல் வந்த 50 வரிசை ஏற்கிறது. இன்டெல் 12ஆம் தலைமுறை கோர் பிராசசரின் உள்ளமை கிராபிக்ஸ் 4:2:2 எச்.265ஐ எளிதாக விரிக்கும், ஆனால் அதற்கு முந்தைய சுருக்க முறையான எச்.264இல் உள்ள 4:2:2 கோப்பை விரிக்காது. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள பிராசசரில் அந்த உள்ளமை கிராபிக்ஸே கிடையாது.

செலவில்லாத வழி பிராக்ஸிதான், அதாவது தொகுப்பதற்கு மட்டும் உருவாக்கும் எளிய மாற்றுக் கோப்பு. டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது புரோரெஸ் பிராக்ஸி வடிவில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே சேமிக்கப்படுவதால் பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். 1080பி, 25 ஃபிரேமில் புரோரெஸ் பிராக்ஸி மணிக்கு ஏறத்தாழ 17 ஜிபி, புரோரெஸ் 422 என்றால் 55 ஜிபி இடம் பிடிக்கும். இரவில் பிராக்ஸி உருவாக்க விட்டுவிட்டு, காலையில் தொகுத்து, இறுதி வெளியீட்டை மூலக் கோப்பிலிருந்தே எடுக்கிறேன்.

வெளியீட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தனுஷ்கோடிக் கடல்முனையான அரிச்சல்முனையில் விடியற்காலையில் எடுத்த ஒரு ஜோடியின் காட்சியை, சில்லின் தனிப் பகுதியே சுருக்கும் ஹார்ட்வேர் என்கோடிங்கில் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வைத்து வெளியிட்டேன். வெயில் பட்டு மினுங்கும் அலைகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் முற்றிலும் மாறுவதால், நீர்ப்பரப்பு சதுரம் சதுரமாகக் கலங்கி, மணப்பெண்ணின் சேலை ஜரிகையும் மங்கிப்போயிற்று. அதே 8 எம்பிபிஎஸ் அளவில், பிராசசரே சுருக்கும் சாஃப்ட்வேர் என்கோடிங்கில் இரண்டு பாஸ் (முதலில் காட்சியை ஆராய்ந்து, பிறகு சுருக்குவது) கொடுத்தபோது, நேரம் பல மடங்கு ஆனாலும், அலையின் வரிகள் கண்ணுக்குத் தெரிந்தன. கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த காட்சிகளுக்கு ஹார்ட்வேர் என்கோடிங் போதும். கடல் வரும் பகுதியை மட்டும் அப்படி வெளியிடாதீர்கள்.