மாங்கோவா, போஸ்ட்கிரெஸ்ஸா?

கேள்வி: கரூரில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு குடோன், இரண்டு கிளை. பில், ஸ்டாக், கடன் பாக்கி பார்க்க சாஃப்ட்வேர் எழுத ஓர் ஆளைப் பேசியிருக்கிறேன். விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்கு மாங்கோடிபிதான் நவீனம் என்கிறார். மைத்துனர் மகன் போஸ்ட்கிரெஸ் போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மைத்துனர் மகன் சொல்வதை.

குடோனிலிருந்து கிளைக்கு 20 மூட்டை வெள்ளை சிமெண்ட் போகிறது. அங்கே 20 கழிய வேண்டும், இங்கே 20 ஏற வேண்டும். நடுவில் கரண்ட் போனால்? போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடலாம். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மாங்கோவிலும் 2018 முதல் இது உண்டு. ஆனால் அங்கே கட்டுப்பாட்டை நாமாக எழுதி வைக்காவிட்டால், கொடுத்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்ளும். ஒரு கடையில் பார்த்தேன்: கஸ்டமர் நம்பர் ஒரு பதிவில் ‘போன்’, இன்னொன்றில் ‘மொபைல்’, மற்றொன்றில் ‘செல்’. பாக்கிக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் பலருக்குப் போகவே இல்லை.

உங்கள் ஆளையும் குறை சொல்ல முடியாது. காலேஜில் நார்மல் ஃபார்ம்களை (விவரங்களை டேபிள்களாகப் பிரிக்கும் விதிகளை) மனப்பாடம் செய்ய வைத்து மார்க் போடுகிறார்கள், கோர்ஸ் நடத்துபவர்கள் மாங்கோவோடு முடித்துச் சர்டிஃபிகேட் கொடுக்கிறார்கள். கற்றது அதுதான், விற்பதும் அதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. குழாய்க்கு இஞ்ச் அளவு, பெயிண்ட்டுக்கு லிட்டரும் ஷேடும், ஒயருக்குச் சதுர மில்லிமீட்டர். எல்லாவற்றுக்கும் டேபிளில் தனித்தனி காலம் (column) போட்டால் டேபிள் முழுக்க ஓட்டை. அதற்காக மாங்கோவுக்கு ஓட வேண்டாம். போஸ்ட்கிரெஸ்ஸிலேயே 2014 முதல் ‘ஜேசன்பி’ என்ற காலம் வகை இருக்கிறது. ஐட்டத்துக்கு ஐட்டம் மாறுகிற விவரத்தை அதில் கொட்டிக்கொள்ளலாம், தேடவும் செய்யலாம். விலை, ஜி.எஸ்.டி. சதவீதம், இருப்பு மட்டும் தனித்தனி காலத்திலேயே இருக்கட்டும்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு: உங்கள் டேட்டா இருக்கப்போகும் கிளவுட் கணக்கு யார் பெயரில்? தன் மெயில் ஐ.டி.யில் திறந்துகொண்டு, ‘நான் பார்த்துக்கிறேன் அண்ணா’ என்பார்கள். பிறகு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தகராறு வந்தால் பாஸ்வேர்டு வராது. ஜி.எஸ்.டி. கணக்கையோ, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். ஆள் ஓடிவிட்டார் என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. கிளவுட் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றை உங்கள் கண்ணெதிரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.