அறுபதில் ஷட்டில், குதிகாலில் வலி

அன்புள்ள ஐயா,

எனக்கு 63 வயது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, உடம்பு சோம்பிவிடக் கூடாதென்று தினமும் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆட ஆரம்பித்தேன். இரண்டாவது மாதமே வலது குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம் வலி வந்துவிட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலடி வைப்பதற்குள் உயிர் போகிறது, பிறகு குறைந்துவிடுகிறது. மாடிப்படி இறங்கினால் முட்டியும் வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து தேய்மானம் என்றார்கள். மூன்று வாரம் சும்மா இருந்தால் குதிகால் சரியாகிவிடுகிறது. மறுபடி மட்டையைத் தொட்டால் வந்துவிடுகிறது. வீட்டில் நடையைக்கூடக் குறைக்கச் சொல்கிறார்கள். மகன் ஜிம்முக்கு வரச் சொல்கிறான். இந்த வயதில் எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்வதுதான் நல்லதா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்தாதீர்கள். ஷட்டிலை மட்டும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். நான் மருத்துவன் இல்லை. என் அம்மாவின் முட்டிக்காகப் படிக்க ஆரம்பித்து, பிசியோதெரபிஸ்டுகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நீங்கள் சும்மா இருந்த மூன்று வாரத்தில் வலி போனது உண்மை. ஆனால் கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் அந்தத் தசைநாண் அதனால் பலப்படவில்லை. வேலை இல்லாத நாண் நாளாக நாளாக நொய்ந்துதான் போகும். அந்த நிலையில் நேராகக் களத்தில் இறங்கி ஸ்மாஷுக்குத் தாவினால் வலி திரும்பத்தான் செய்யும்.

இரண்டாவது மாதத்தில் வந்ததிலும் ஆச்சரியமில்லை. சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம், ஆறேழு வாரத்தில் தெம்பு கூடிவிடும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும். கால் நன்றாக ஓடுகிறதே என்று நாம் வேகத்தைக் கூட்டுகிற சமயத்தில் நாண் பின்தங்கியே இருக்கும். வயதானவர்களின் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் விழுகிறது என்பது என் எண்ணம்.

2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது சாப்பாடு வழியாக எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. அதை அடையாளமாக வைத்துக் குதிகால் நாணின் நடுப்பகுதியைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 17 வயது வரை உருவானதுதான் கடைசிவரை இருக்கிறது, அதற்கப்புறம் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. ஆக, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து நாண்தான் இன்றும் உங்களைத் தாங்குகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பொறுமையாகப் பாரம் கொடுத்தால் வயதானவர்களின் நாண்கூட உறுதிப்படுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

ஸ்வீடனில் உமெயோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கும் இதே வலி இருந்தது. அறுவை சிகிச்சை செய்ய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்து போனாலாவது செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தாராம். நாண் அறுபடவில்லை, வலி போய்விட்டது. 1998-ல் அதையே 15 பேருக்கு 12 வாரம் கொடுத்து, அத்தனை பேரும் மறுபடி ஓடத் தொடங்கியதைப் பதிவு செய்தார்.

உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே இதைச் செய்யலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படி விளிம்பில் இருக்கும்படி நில்லுங்கள். இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்துங்கள். பிறகு பாரத்தை வலது காலுக்கு மாற்றி, மனதுக்குள் மூன்று எண்ணி, குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்குங்கள். மேலே ஏற மறுபடி இடது காலின் உதவி. ஒற்றைக் கால் தாங்கவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் இரண்டு காலாலும் இறக்குங்கள். ஆல்ஃப்ரெட்சன் 15 தடவை வீதம் மூன்று சுற்று, முட்டியை நேராக வைத்தும் மடக்கியும், காலை மாலை இரு வேளையும் செய்யச் சொன்னார். அறுபதுக்கு மேல் அவ்வளவு வேண்டியதில்லை. பாரத்தைக் கூட்டி, மெதுவாக, வாரம் மூன்று நாள் செய்தாலும் அதே பலன் என்று 2015-ல் வந்த டென்மார்க் ஆய்வு சொல்கிறது. இடையில் ஒருநாள் விடுவதில் நியாயம் இருக்கிறது: கனமான வேலைக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாணில் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம்.

செய்யும்போது பத்துக்கு மூன்று, நாலு அளவு வலி இருந்தால் பரவாயில்லை. அளவுகோல் மறுநாள் காலையில் இருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கும் அந்த முதல் நாலடி நேற்றைவிட மோசமாக இருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டீர்கள், குறையுங்கள். நேற்றைப் போலவே இருந்தால் தொடருங்கள். வலி குதிகால் எலும்பிலேயே இருப்பவர்கள் மட்டும் படி விளிம்பில் செய்யாமல் சமதரையில் செய்ய வேண்டும்.

முட்டிக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் வலியும் ஒன்றுக்கொன்று அவ்வளவாகப் பொருந்துவதில்லை. படத்தைப் பார்த்து மனம் உடைந்து உட்கார்ந்துவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். முட்டிக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுவதுபோல, அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்து சேருகிறது. நடையைக் குறைத்தால் அதைப் பட்டினி போடுகிறோம். தொடையின் முன்பக்கச் சதையைப் பலப்படுத்துங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையும்.

என் அம்மா நாற்காலியில்தான் ஆரம்பித்தார். கையை ஊன்றாமல் எழுவது, மெதுவாக உட்கார்வது, அவ்வளவுதான். முதலில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். ஒரு தலையணையை எடுத்தபோது ஒரு வாரம் முணுமுணுத்தார். அப்புறம் அடுத்ததையும் எடுத்தோம். இப்போது பூஜைக்குத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றித் தானே எழுந்துவிடுகிறார். மகன் ஜிம்முக்குக் கூப்பிட்டால் தைரியமாகப் போங்கள். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேலானது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் நாண் அறுவதற்கான ஆபத்தைக் கூட்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே இதைக் கட்டம் கட்டி எச்சரித்தது. நம் ஊரிலோ வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்குகிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் குதிகால் வலியைச் சொல்லி, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். குதிகால் நாணில் ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள், நாணை விறைக்கச் செய்யும். எப்போதாவது பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் படீரென்று பட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, காலை நாலடி வலியில்லாமல் வைக்க முடிந்து, வலது காலில் மட்டும் நின்று இருபது தடவை குதிகாலை உயர்த்தவும் முடிந்தால் மட்டையை எடுங்கள். முதல் மாதம் டபுள்ஸ் மட்டும், இருபது நிமிடம், இரண்டு நாளுக்கு ஒருமுறை. பத்து நிமிடம் நடந்து காலைச் சூடாக்கிக்கொண்டு இறங்குங்கள். தாவி அடிக்கிற பந்துகளைக் கூட ஆடுபவருக்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்.