பழைய புத்தகம், மலை ஈரம், தபால் செலவு: கேள்வி பதில்

குன்னூரில் பழைய புத்தகம் வாங்கி விற்பவன் நான். மலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கோத்தகிரி வாசகர்: தாத்தா எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த பெட்டியில் ஃபைசன் எழுதிய நீலகிரி, பழனி மலைச் செடிகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. இணையத்தில் பெரிய விலை போட்டிருக்கிறார்கள். நான் எவ்வளவு கேட்கலாம் சார்?

இணையத்தில் நீங்கள் பார்ப்பது கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது வேறு கதை. வருஷக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பிரதிதான் கண்ணுக்குப் படும். விற்றுப்போனது பட்டியலில் இருக்காது.

முதலில் எத்தனை பாகம் இருக்கிறது என்று பாருங்கள். ஃபைசன் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். இரண்டு பாகங்கள் 1915இல் வந்தன, மூன்றாவது 1920இல். ஒற்றைப் பாகத்துக்குப் பாதி விலைகூட வராது. அப்புறம் படங்கள். கோட்டோவியங்கள்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். சட்டம் போட்டு மாட்டுவதற்காக பிளேடால் அறுத்து எடுத்த பிரதிகள் என் கைக்கே வந்திருக்கின்றன. முதுகுத் தையல் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், வெட்டிய தாளின் கூர்மை தட்டுப்படும். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம், நம் மலையில் நூறு வருஷம் இருந்த தாளில் அது இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். புத்தகத்துக்குப் புது பைண்டிங் போட்டுவிடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். உள்ளே துரையின் கையெழுத்தோ எஸ்டேட் பெயரோ இருந்தால் அழிக்க வேண்டாம். அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

விலையை நேரில் பார்க்காமல் சொல்பவரை நம்பாதீர்கள், நான் உட்பட.

அதே வாசகர்: பெட்டியில் 1930களின் கையெழுத்து டைரிகளும் உண்டு. லண்டனிலிருந்து ஒருவர் கேட்கிறார், அனுப்பலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 வருஷம் தாண்டினால் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் டைரிகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தொல்லியல் துறையிடம் கேட்காமல் பார்சல் கட்டாதீர்கள். ஸ்கேன் செய்து அனுப்புங்களேன், எழுத்து அவருக்குப் போகும், டைரி உங்களிடமே இருக்கும்.

ஊட்டி வாசகி: ஜூன் வந்தாலே அலமாரியில் பூசணம். பாச்சை உருண்டை போட்டும் நிற்கவில்லை அண்ணா.

பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பூசணத்துக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். கண்ணாடிக் கதவு அலமாரியை மழைக்காலம் முழுக்கப் பூட்டி வைத்தால் இரண்டையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி. வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், புத்தகங்களை நெருக்கிச் செருகாதீர்கள், வெயில் தலைகாட்டும் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பூத்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோய், நிழலில் காயவைத்து, காய்ந்தபின் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். கணப்புப் பக்கத்தில் வைத்தால் அட்டை வளைந்துவிடும்.

கூடலூர் வாசகர்: வாட்ஸப் குழுவில் நாவல்களை பி.டி.எஃப் ஆகப் போடுகிறார்கள். கேட்டால் "வாசிப்பு வளரட்டும்" என்கிறார்கள்.

வளரட்டும், யாருடைய செலவில்? உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புத்தகம் என்றால் அது திருட்டுதான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. ஆனால் அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கு அந்தத் தடை இல்லை. கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாகவே கிடைக்கும். குழுவில் அந்தச் சுட்டியைப் போடுங்கள்.

வெலிங்டன் வாசகர்: மின்நூலாக வாங்கியதைப் படித்து முடித்தபின் உங்களிடம் விற்கலாமா?

முடியாது. காகிதப் புத்தகம் வாங்கினால் அந்தப் பிரதி உங்களுடையது: விற்கலாம், இரவல் கொடுக்கலாம், என்னைப் போன்றவன் பிழைக்கலாம். மின்நூலில் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும். 2009இல் அமேசான், உரிமைத் தகராறில் ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல்லின் நாவல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்நூல் கருவியிலிருந்தே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு விஷயம். என் கடையிலிருந்து போன புத்தகத்தை ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவீர்களா?

குன்னூர் வாசகர்: பழைய பேப்பர் கடையில் நூலக முத்திரை போட்ட புத்தகம் கிடைத்தது. வாங்கலாமா?

"நீக்கப்பட்டது" என்ற முத்திரையும் இருந்தால் தாராளமாக. இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கொடைக்கானல் வாசகி: புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப இருந்த பதிவுப் புத்தகத் தபாலை அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. இனி நண்பர்களுக்கு எப்படி அனுப்புவது?

2024 டிசம்பரில் நிறுத்தினார்கள், பதிப்பாளர்கள் போட்ட சத்தத்தில் நியாயம் இருந்தது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொடங்கும்போது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கலாம். வார, மாத இதழ்கள் இதில் போகாது. புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும். கவுண்டரில் "அப்படி ஒன்று இல்லை" என்றால் பெயரை எழுதிக் காட்டுங்கள். அப்புறம், மழையில் மலையிறங்கும் பார்சல் என்பதால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள்.