பேங்க்: வங்கியா, கரையா, வரிசையா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி வருகிறேன். 'பேங்க்' என்ற சொல் ஆற்றுக்கும் வருகிறது, விமானத்துக்கும் வருகிறது, சுவிட்சுகளுக்கும் வருகிறது. அகராதியில் தனித்தனிப் பதிவுகளாக இருக்கின்றன. எல்லாம் ஒரே சொல்தானா? எங்கே எந்தப் பொருள் என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: அகராதியில் தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3 என்று பொடி எண் இருந்தால், அவை பெரும்பாலும் வெவ்வேறு வழிகளில் ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள். ஒரு பதிவுக்குள்ளேயே வரும் எண்கள் கிளைப்பொருள்கள் மட்டுமே. முதலில் பதிவைச் சரியாகத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

'பேங்க்' வந்த வழிகள் மூன்று. மேடு, கரை என்ற பொருளுள்ள சொல் ஸ்கேண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது. பண நிறுவனத்தைக் குறிப்பது இத்தாலியச் சொல்லான 'பாங்கா', பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. வரிசையைக் குறிப்பது பழைய பிரெஞ்சின் 'பான்'. துடுப்பு வலிப்போர் உட்கார்ந்த பலகை, பிறகு துடுப்பு வரிசை, பிறகு எந்த வரிசையும். மூன்றையும் பின்னோக்கித் துரத்தினால் ஒரே ஜெர்மானிய வேரில் போய் நிற்கும். நாம் 'பெஞ்ச்' என்கிறோமே, அதுவும் அந்த வேரில் முளைத்ததுதான். நாணயம் மாற்றுவோர் முன்னால் போட்டிருந்த பலகையே வங்கிக்குப் பெயரானது. ஜெர்மன் மொழியில் இன்றும் ஒருமையில் இரண்டுக்கும் ஒரே சொல். பன்மையில்தான் 'பென்கெ' என்றால் பெஞ்சுகள், 'பான்கென்' என்றால் வங்கிகள். திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்பதும் 'உடைந்த பலகை' என்ற இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. கடன் கொடுத்தவர்கள் பலகையை உண்மையிலேயே உடைத்தார்கள் என்ற கதையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. உடைந்தது என்றால் நொடித்தது என்று கொண்டாலே போதும்.

வேரைத் தெரிந்துகொள்வது சுவைதான். ஆனால் மொழிபெயர்க்கும்போது அதைவிடப் பக்கத்தில் இருக்கும் சொல்லே உதவும். வினையாக வந்து பின்னால் 'ஆன்' (on) இருந்தால் பெரும்பாலும் 'நம்பியிருத்தல்'. 'ஆஃப்' (of) வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள். பன்மையில் கருவிகள் (சுவிட்சுகள், லிஃப்டுகள், விளக்குகள்) என்றால் வரிசை. மேகம், மூடுபனி, மண் என்றால் திரள் அல்லது மேடு. 'நெருப்பு' செயப்படுபொருளாக வந்தால், தணல் மெல்ல எரியும்படி சாம்பலைக் குவித்து மூடுவது. இது மேட்டுப் பொருளின் கிளை.

அதிகம் தவறு நடப்பது விமானத்தில். 'இடப்பக்கம் திரும்பியது' என்று எழுதிவிடுகிறார்கள். சாலை வளைவில் வெளி ஓரத்தை உயர்த்திச் சரிவாக்குவது போல, விமானம் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திச் சாய்வதைத்தான் அந்த வினை சொல்கிறது. சாயும்போது இறக்கைகளின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுக்கும். திருப்புவது அந்த இழுப்பே. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், உள்ளே இருப்பவருக்குத் தன் எடை இரு மடங்காகத் தெரியும். 'இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது' என்று எழுதாவிட்டால், அடுத்த வரியில் பயணிகள் இருக்கையில் அழுந்துவது ஏன் என்று வாசகருக்குப் புரியாது.

ஆற்றிலும் ஒரு பொறி உண்டு. இடக்கரை, வலக்கரை என்பதை நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும். வரைபடத்தின் இடப்பக்கத்தை வைத்து அல்ல. பாரிஸில் ஸேன் ஆற்றின் இடக்கரை நகரின் தென்பகுதி. ஜோர்டான் ஆறு தெற்கு நோக்கி ஓடுவதால், 'மேற்குக் கரை' எனப்படும் பகுதி உண்மையில் அதன் வலக்கரையில் இருக்கிறது.

'ரத்த வங்கி', 'விதை வங்கி' போன்றவை பணப் பொருளின் நீட்சி. ரத்த வங்கி என்ற பெயரை 1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபேன்டஸ் வைத்தார். போட்டு வைத்து, வேண்டும்போது எடுப்பது என்ற ஒப்புமை. இதைப் பார்த்துவிட்டு, மின்னூட்டத்தைச் சேமிக்கிறதே என்று 'கெபாசிட்டர் பேங்க்' என்பதையும் வங்கியாக்கிவிடாதீர்கள். அது பல மின்தேக்கிகளைச் சேர்த்து இணைத்த தொகுதி; வரிசைப் பொருளில் வருவது. 'பேட்டரி பேங்க்' என்பதும் அதே போலத்தான். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் 'பவர் பேங்க்' மட்டும் சேமிப்புப் பொருளில் வருவது. அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவதே நல்லது, எல்லாருக்கும் தெரிந்த சொல்.