போர்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குப் புது வீடு கிடைக்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு போர்டு வீட்டில் (குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு) பல வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் வேறு இடத்தில் வசிக்கிறார். பழைய பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். கணவருக்குக் காசிமேட்டில் கூலி வேலை. நான் வீட்டு வேலைக்குப் போகிறேன். மாமியாருக்கு 68 வயது, படி ஏற முடியாது. ஒரு லட்சம் கொடுத்தால் லிஸ்டில் பெயர் சேர்த்துவிடலாம் என்று ஏரியாவில் ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள், அம்மா. அவர் சேர்த்துவிடுவதாகச் சொல்லும் அந்த லிஸ்ட் உங்களுக்கானதே இல்லை.

சென்னையில் இந்த வீடுகளை ஒதுக்குவது மாநகராட்சி இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்புதான் ஒதுக்குகிறது. கவுன்சிலர் உங்களுக்காகப் பேசலாம், கடிதம் தரலாம். அந்தக் கடிதத்தால் வீட்டு உரிமை வந்துவிடாது.

மனு போட்டவர்களை வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்பவருக்கு முதலில் வீடு கொடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. வீடு எதற்காகக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். பழைய பிளாக்கை இடித்துக் கட்டினால், முதல் உரிமை வாரியத்தின் பதிவேட்டில் பெயர் உள்ள ஒதுக்கீட்டுதாரருக்கு. அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. ஆற்றங்கரை, கால்வாய் ஓரம் போன்ற ஆட்சேபகரமான புறம்போக்கில் இருப்பவர்களை அகற்றிக் குடியமர்த்துவதானால், கணக்கெடுப்பில் பதிவான குடும்பங்களுக்கு. நீங்கள் இந்த இரண்டிலும் வரவில்லை. எத்தனை வருடம் வாடகை கொடுத்திருந்தாலும் அது ஒதுக்கீட்டு உரிமை ஆகாது. உங்கள் உழைப்பில் ஓடிய வீடு அது என்பதால் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஒரு லட்சம் தப்பும்.

வாரியத்திலிருந்து கணக்கெடுப்புக்கு வரும்போது, "எங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிடு" என்று வீட்டுக்காரர் கேட்கக்கூடும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாடகைக்கு இருக்கிறோம் என்றே சொல்லுங்கள். பொய்யாகப் பதிவானால் பின்னால் உங்கள் சொந்த விண்ணப்பமே சிக்கலாகும்.

உங்களுக்கு வழி இருப்பது மூன்றாவது வகையில். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நிதி உதவியோடு வாரியம் கட்டும் அடுக்குமாடிகளில், சொந்த வீடு இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்களிடமும் விண்ணப்பம் வாங்குகிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், இவ்வளவுதான் குடும்பம். இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்குமே கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஊரில் மாமனார் பெயரில் ஒரு வீடு இருந்தால்? அது உங்கள் கணவர் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். விண்ணப்பங்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வது உண்டு. வீட்டைக் குடும்பத் தலைவி பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோதான் தருவார்கள். ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் பெயர் முன்னால் இருக்கட்டும்.

இந்த வீடு இலவசம் இல்லை. மத்திய, மாநில அரசுகளின் மானியம் போக மீதித் தொகையைப் பயனாளி பங்களிப்பாக நீங்கள் கட்ட வேண்டும். திட்டத்துக்குத் திட்டம் தொகை வேறுபடும். கட்டும் பணம் வாரியத்தின் பெயரில் டிடியாகவோ வங்கி வழியாகவோ மட்டும் போக வேண்டும், ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் கேட்பவர் யாராக இருந்தாலும், அதிகாரியின் பெயரைச் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

இருவரின் ஆதார், குடும்ப அட்டை, தாசில்தார் தந்த வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக்கான வாரிய எஸ்டேட் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே சரியான பதில் இல்லையென்றால் சேப்பாக்கம் காமராஜர் சாலையில் உள்ள தலைமை அலுவலகம். மனுவுக்குத் தேதியோடு ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, "என் மனு எந்த நிலையில் உள்ளது, இந்தத் திட்டத்தில் ஒதுக்கப்படாத வீடுகள் எத்தனை" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

மாமியார் விஷயத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளத்தில் முன்னுரிமை தர வேண்டும் என்று திட்ட விதிமுறையே சொல்கிறது. வயதுச் சான்றையும் டாக்டர் சீட்டையும் இணையுங்கள். எந்த வீடு யாருக்கு என்ற குலுக்கல் முடிந்து எட்டாவது மாடி விழுந்த பிறகு மாற்றிக் கேட்பது பெரும் பாடு.

எந்த இடத்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். வீடு கிடைத்தால் போதும் என்று நகரின் தெற்கே உள்ள பெரும்பாக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, விடியற்காலைக் காசிமேட்டு வேலைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வர முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு, ஆதார் எண்ணோடு அது பதிவாகிவிடும். கொஞ்சம் தாமதமானாலும் வடசென்னைத் திட்டத்துக்கே காத்திருங்கள் என்பேன். சாவி வாங்கும் முன் வீட்டையும் பாருங்கள். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா புதுக் குடியிருப்பில் தொட்டால் உதிர்ந்த சுவர்ப் பூச்சை ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். குடியிருப்பவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

இப்போதைக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பிளாக்கைக் காலி செய்யும்போது வாரியம் தரும் இடமாற்றத் தொகை ஒதுக்கீட்டுதாரருக்குத்தான் போகும், வாடகைதாரருக்கு வராது. நீங்கள் கொடுத்த அட்வான்ஸை வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். அந்தத் தொகை அவர் கைக்கு வருகிற நாளிலாவது திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். மறுத்தால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.