மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியைத் திறந்தால் இரைச்சல்தான். பெட்டி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது. ஒரு காரணம், நிலையங்களே குறைந்துவிட்டன: ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியோடு சிற்றலையை விட்டது, பிபிசி தமிழோசை அதே ஆண்டு ஏப்ரலோடு நின்றது. இன்னொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், டிவி டிகோடரின் அடாப்டர் எல்லாம் சிற்றலையில் 'ர்ர்ர்' என்று கத்தும். மலிவான சார்ஜர்தான் படுமோசம்.

வானொலியை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். இறங்காவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்தோ தெருக் கம்பியிலிருந்தோ வருகிறது, வானொலியோடு திடலுக்குப் போவதே வழி.

தோட்ட லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தகரக் கூரை அலையை மறைக்கும். 8 முதல் 10 மீட்டர் உறையிட்ட கம்பியை ஜன்னல் வழியே ரம்புத்தான் மரத்துக்கு இழுத்து, மறுமுனையை ஏரியலில் கிளிப் போட்டு மாட்டுங்கள். சின்னப் பெட்டிக்கு அதற்கு மேல் நீளம் வேண்டாம்; நீண்டால் அலை மிஞ்சி ஒரே நிலையம் நாலு இடத்தில் கேட்கும்.

இருட்டிய பிறகு 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள். சீன வானொலியாவது கிடைக்கும். இடி முழங்கும் முன்பே கம்பியைக் கழற்றிவிடுங்கள்.