பயிற்சியைத் தொடரலாமா?

கேள்வி: நான் இருபத்து நான்கு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் இலவசமாகப் பயிற்சி தருகிறேன். அவர்களில் 1,600 மீட்டரை ஐந்து நிமிடம் பத்து விநாடியில் ஓடி முடிக்கும் ஒருவன், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று போன வாரம் தனியாக வந்து சொன்னான். முப்பது பேர் அடுத்தடுத்துக் கட்டில் போட்டுப் படுக்கும் பேரக்கில் இப்படிப்பட்டவர்கள் வெளிப்படையாக இருப்பது ஒழுங்குக்குச் சரிப்படுமா? எங்கள் கம்பெனியில் இப்படிப் பேச்சு அடிபட்ட ஒருவர் இருந்தார். நல்ல சிப்பாய், பாதியிலேயே பணியை விட்டுப் போய்விட்டார். இந்தப் பையனுக்குப் பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, பாதியில் போய்விட்ட அந்தச் சிப்பாயைப் பற்றிய வரியைத்தான். அவர் காவல் பணியில் தூங்கினார் என்றோ, பக்கத்துக் கட்டில்காரரிடம் தவறாக நடந்தார் என்றோ நீங்கள் எழுதவில்லை. நல்ல சிப்பாய் என்றே எழுதியிருக்கிறீர்கள். அவரை அனுப்பியது அவருடைய இயல்பா, சுற்றியிருந்தவர்களின் பேச்சா என்பதை அந்தக் கம்பெனியில் இருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பேரக்கைப் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஒரே அறையில் உடை மாற்றி, ஒரே குழாயடியில் குளித்து, ஆபத்தில் ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் கொடுக்கும் வாழ்க்கையில் கூச்சமும் சந்தேகமும் சிறிய விஷயங்களல்ல. இதே வாதம்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் எழுப்பப்பட்டது. ஆண்கள் மீது ஈர்ப்புள்ள ஆண்கள் போன்றோர் படையில் இருக்கக் கூடாது என்ற தடைக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகு, 2000 ஜனவரியில் பிரிட்டன் அதை நீக்கியது. யாராக இருந்தாலும் படையின் செயல்திறனைக் கெடுக்கும் நடத்தைக்கு ஒரே அளவுகோல் என்று விதி வகுத்தது. அமெரிக்காவோ 1993-இல், 'நாங்கள் கேட்க மாட்டோம், நீ சொல்லாதே' என்று ஓர் அரைகுறை ஏற்பாடு செய்து, தெரியவந்தவர்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. 2010-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான படையினர் பதிலளித்த கருத்துக் கணிப்பில், சுமார் எழுபது விழுக்காட்டினர் இவர்கள் வெளிப்படையாக இருப்பதால் பாதிப்பு இராது, அல்லது நன்மையும் தீமையும் கலந்தோ நன்மையாகவோ இருக்கும் என்றார்கள். 2011 செப்டம்பர் 20 அன்று அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது.

என் கருத்தைக் கேட்டால், வெளிப்படையாக இருக்க அனுமதிப்பதே ஒழுங்குக்கு நல்லது. மறைக்க வேண்டிய ரகசியம் உள்ள சிப்பாயைத்தான் எவனும் மிரட்டிக் காரியம் சாதிக்க முடியும். பக்கத்துக் கட்டில்காரரிடம் வரம்பு மீறுகிறவர் எவராயினும் தண்டியுங்கள்; வரம்பு மீறாதவரை எதற்குத் தண்டிப்பது?

ஆனால் என் கருத்தை மட்டும் நம்பிப் பையனைப் படைக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் நாட்டுச் சட்டம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் குற்றத்திலிருந்து விடுவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இருந்தும், 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 46-ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தை என்று ஒரு குற்றத்தை வைத்திருக்கிறது. ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 33-ஆம் கூறு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத், 2019 ஜனவரியில், படைக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே கூறினார்.

ராணுவச் சட்டத்தின் அந்த 46-ஆம் பிரிவு நடத்தையைப் பற்றிப் பேசுகிறதே தவிர, ஒருவரின் மனத்துக்குள் இருக்கும் ஈர்ப்பைப் பற்றி அல்ல. ஆகவே பையன் தேர்வுக்குப் போவதில் பொய்யோ மோசடியோ இல்லை. இவ்வளவையும் அவனிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நான்கு ஆண்டு அக்னிவீர் பணியில் தன்னைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க வேண்டியிருக்கும், அது எளிதல்ல என்பதையும் மறைக்காதீர்கள். அது வேண்டாமென்றால், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு இருக்கிறது. மாநிலக் காவல்துறைக்கு ராணுவச் சட்டம் பொருந்தாது. முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

அவன் உங்களிடம் சொன்னதை அவன் வீட்டில் நீங்கள் சொல்லக் கூடாது. பாலக்கோட்டில் ஒரு டீக்கடையில் கசிந்தால் மாலைக்குள் காரிமங்கலம் வரை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தருமபுரியிலோ சேலத்திலோ டாக்டரிடம் காட்டி 'மாற்றலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இது நோயல்ல. மாற்றும் சிகிச்சைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நீங்கள் கடிதத்தில் எழுதிய 'இப்படிப்பட்டவர்கள்' என்ற சொல்லையும் அவன் காதுபடச் சொல்ல வேண்டாம். தன்பாலீர்ப்பாளர் என்ற நல்ல தமிழ்ச் சொல் புழக்கத்தில் இருக்கிறது.

பயிற்சியைத் தொடருங்கள். அவன் ஓட்டம் ஐந்தரை நிமிட வரம்புக்குள் வசதியாக இருக்கிறது, அறுபது மதிப்பெண் உறுதி. புல்-அப்ஸ் எத்தனை எடுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து எடுத்தால்தான் முழு நாற்பது மதிப்பெண்.